தாங்கவும் வேண்டும், விலகவும் வேண்டும்

வில்வித்தைப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்க்கும் பலருக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கும். அம்பின் வாலில் மூன்று இறகுகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரம். அம்போ வில்லின் நடுவில் ஏதோ ஒரு சின்னத் தாங்கியின் மேல் படுத்திருக்கிறது. நாணை விட்டதும் தண்டு வழுக்கிக்கொண்டு போய்விடும், சரி. கடைசியில் வரும் இறகுகள்? தாங்கியில் இடிக்காமல் அவை எப்படித் தப்புகின்றன?

கூர்ந்து பார்த்தாலும் விடை கிடைக்காது. தொலைக்காட்சி நொடிக்கு 25 படங்கள் காட்டுகிறது என்றால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 40 மில்லிவிநாடி ஓடுகிறது. அம்பு நாணை விட்டுப் பிரிய அதில் மூன்றில் ஒரு பங்கு நேரமே போதும். ஒரு படத்தில் அம்பு இருக்கிறது, அடுத்ததில் இல்லை. நடந்ததெல்லாம் இரண்டு படங்களுக்கு நடுவில் நடந்து முடிந்துவிட்டது.

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகும் வில்லாளருக்கு இந்தச் சந்தேகம் வெறும் ஆர்வத்தோடு முடிவதில்லை. விஸ்கான்சின் மாநிலம் 1934லேயே வில் வேட்டைக்கென்று தனிப் பருவம் ஒதுக்கியது. இன்று அங்கே இலையுதிர் காலத்தில் மரத்தில் பரண் கட்டி, வெள்ளைவால் மானுக்காக மணிக்கணக்கில் அசையாமல் உட்காருகிறார்கள். இறகு எங்கோ லேசாக உரசி அம்பு கோணலாகப் போனால், காயம்பட்ட விலங்கு காட்டுக்குள் ஓடி மறைந்து நெடுநேரம் துடிக்கும். பொறுப்புள்ள எந்த வேட்டைக்காரருக்கும் அதைவிடப் பெரிய தோல்வி இல்லை. அதனால்தான் உள்ளங்கையில் அடங்கும் ஒரு தாங்கியைத் தேர்ந்தெடுக்க அவர்கள் வாரக்கணக்கில் யோசிக்கிறார்கள்.

அம்பு நெளிந்த கதை

பழைய மரவில்லில் அம்பு வில்லின் நடுவே போக வழியில்லை. நடுவில் மரம் இருக்கிறது. அம்பு அதன் பக்கவாட்டில் சாய்ந்து, சற்றுக் கோணலாகவே குறியைப் பார்க்கும். அப்படியிருந்தும் நல்ல வில்லாளியின் அம்பு நேராகப் போய்த் தைத்தது. இ. ஜே. ரென்டார்ஃப் என்ற அமெரிக்கர் 1913ல் இதற்கு 'வில்லாளியின் முரண்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளர் அதிவேகப் படக்கருவியால் அந்த நொடியைப் பிடித்தார். அம்பு விறைத்த கம்பியாகப் பாயவில்லை. நாணின் உந்தலில் வளைந்து, மீனைப் போல நெளிந்து, வில்லின் மரத்தைச் சுற்றிக்கொண்டு போனது. நெளியும்போதே வால் மரத்தை விட்டு விலகிவிடுகிறது.

அதாவது பழைய வில்லில் தாங்கி விலகவில்லை. அம்பே விலகிப் போனது.

1966ல் மிசௌரியைச் சேர்ந்த ஹோலஸ் வில்பர் ஆலன் என்பவர் கூட்டுவில்லுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1969ல் அது கிடைத்தது. வில்லின் இரு நுனியிலும் சக்கரம், நாணோடு கேபிள்கள். முழுதாக இழுத்த நிலையில் பாரம் பெருமளவு குறைந்துவிடும். 27 கிலோ விசையோடு இழுத்தவர், குறி பார்க்கும் நேரத்தில் ஐந்தாறு கிலோவைத் தாங்கினால் போதும். இத்தகைய வில்லில் கைப்பிடிச் சட்டத்தை நடுவில் ஆழமாக வெட்டிவிடுகிறார்கள். அம்பு வில்லின் மையத்திலேயே போகும். நாணை விரலால் விடாமல் 'ரிலீஸ்' என்ற சிறு விசைக்கருவியால் விடுவதால் நாண் பக்கவாட்டில் உருளாது. பழைய பக்கவாட்டு நெளிவு பெரும்பாலும் அடங்கிவிட்டது.

இது பெரிய முன்னேற்றம். ஆனால் அம்பு இப்போது நேராகப் போகிறது. அதன் வால் தாங்கியைத் தேடிக்கொண்டு நேராகவே வருகிறது. அம்பு விலகாது என்றால் தாங்கிதான் விலகியாக வேண்டும்.

கவையும் குச்சமும்

இப்படி விலகும் கருவியை இந்த அத்தியாயத்தில் 'நழுவுதாங்கி' என்று அழைக்கலாம். அதன் மேல்பகுதி உண்டிவில் கவையைப் போல இரு பிரிவாக இருக்கும். அந்தக் கவையில்தான் அம்பு உட்காருகிறது. நாணை இழுக்கும்போது கவை எழுந்து அம்பை ஏந்தும். விட்டதும் கவை மடிந்து கீழே படுத்துவிடும். இறகுகள் வரும்போது அங்கே வெற்றிடம்.

இதற்கு எளிய மாற்று ஒன்று உண்டு. வட்டமான சட்டத்தில் பிரஷ் போலக் குச்சங்கள், நடுவில் அம்புக்கு ஒரு துளை. 'விஸ்கர் பிஸ்கட்' என்ற பெயரில் பிரபலமானது. அம்பை எல்லாப் பக்கமும் பிடித்துக்கொள்ளும், எந்தப் பாகமும் அசையாது, பழுதாகப் பெரிதாக எதுவுமில்லை. புதிதாகப் பழகுபவருக்கும், 15, 20 மீட்டருக்கு மேல் எய்யாதவருக்கும் இதுவே போதும் என்று அனுபவசாலிகள் பலர் சொல்வது நியாயமான பேச்சு. ஆனால் ஒவ்வொரு அம்பின் இறகும் அந்தக் குச்சங்களை உரசிக்கொண்டுதான் போகும். இறகு தேயும், வேகம் ஒரு சிட்டிகை குறையும். வில்லைச் சற்றே திருகிப் பிடித்தால் உரசல் ஒரு பக்கம் கூடிவிடும்.

பயிற்சி முனை பொருத்திய அம்பில் அந்தச் சின்ன உதை வெளியே தெரியாமல் போகலாம். வேட்டைக்குப் பொருத்தும் கத்திமுனையில் அது தெரிந்துவிடும். அகலமான அலகுகள் காற்றில் இன்னொரு ஜோடிச் சிறகுகளாக வேலை செய்யத் தொடங்குகின்றன. வாலில் உள்ள இறகுகள் ஒரு திசையில் திருத்தப் பார்க்க, முன்னால் உள்ள அலகுகள் வேறு திசையில் இழுக்கும். மைதானத்தில் ஒரே புள்ளியில் தைத்த அம்புகள், கத்திமுனை மாட்டியதும் ஒரு சாண் தள்ளிப் போவதைக் கண்டு திகைக்காத வேட்டைக்காரர் குறைவு.

புவியீர்ப்பு போதுமா?

நழுவுதாங்கி என்றதும், பிடியை விட்டால் தன் பாரத்தில் விழுந்துவிடும் என்று தோன்றும். அது நடக்குமா என்று ஒரு சாதாரண வேட்டை வில்லை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இழுவிசை 27 கிலோ. அம்பின் எடை 26 கிராம். நாண் அம்பை உந்திக்கொண்டு வரும் தூரம், அதாவது உந்துதூரம், 50 சென்டிமீட்டர். வில்லை விட்டுக் கிளம்பும்போது அம்பின் வேகம் நொடிக்கு 80 மீட்டர். மணிக்கு 288 கிலோமீட்டர். அம்பு நின்ற நிலையிலிருந்து சீராக வேகமெடுக்கிறது என்று எளிமையாக வைத்துக்கொண்டால், அதன் சராசரி வேகம் 40 மீட்டர். அரை மீட்டரைக் கடக்க 12.5 மில்லிவிநாடி ஆகும். நொடியில் எண்பதில் ஒரு பங்கு. (உண்மையான கூட்டுவில்லில் தொடக்க உந்தல் மெதுவானது. நேரம் சற்றுக் கூடும். கணக்கின் போக்கு மாறாது.)

அம்பு நாணை விட்டுப் பிரியும்போது அதன் வால் இன்னும் தாங்கிக்குப் பின்னால்தான் இருக்கிறது, சுமார் 16.5 சென்டிமீட்டர் தள்ளி. இறகின் முன்விளிம்பு வால் நுனியிலிருந்து 7.5 சென்டிமீட்டரில் இருக்கிறது என்றால், அது தாங்கியை எட்ட இன்னும் 9 சென்டிமீட்டர் பாக்கி. 80 மீட்டர் வேகத்தில் அதற்கு 1.1 மில்லிவிநாடி. ஆக, விசையைத் தட்டியதிலிருந்து இறகு வந்து சேர மொத்தம் 13.6 மில்லிவிநாடி.

இறகின் உயரம் கிட்டத்தட்ட ஒன்றரை சென்டிமீட்டர். அந்த நேரத்துக்குள் கவை அவ்வளவு கீழே போயிருக்க வேண்டும்.

கையிலிருந்து நழுவும் தேங்காய் 13.6 மில்லிவிநாடியில் எவ்வளவு விழும்? ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, 0.9 மில்லிமீட்டர். தேவையோ 15 மில்லிமீட்டர். நாணை விட்ட அதே கணத்தில் கவை கிளம்பினாலும் புவியீர்ப்பைப் போலப் பதினாறு மடங்கு முடுக்கம் வேண்டும். நழுவுதாங்கி விழுவதில்லை, இழுத்துத் தள்ளப்படுகிறது.

எப்போது விலகுவது?

அந்த முதல் கணத்திலேயே கவை விலகினால், தாங்கி இருந்து என்ன பயன்? அம்பு உந்தப்படும்போது மேலும் கீழுமாக வளைகிறது. அந்த நேரத்தில் கவை அதற்கு வழிகாட்ட வேண்டும். எய்பவரின் கை கடைசி நொடியில் சற்றே நடுங்கினாலும் அம்பு தடம் மாறாமல் இருக்க வேண்டும். ஆகவே நெடுநேரம் தாங்க வேண்டும், ஆனால் சரியான நேரத்தில் காணாமல் போக வேண்டும். தாங்கியைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள இழுபறி எல்லாம் இந்த ஒரு இடத்திலிருந்து கிளைக்கிறது.

அதே வில்லில் மூன்று நிலைகளைப் பார்க்கலாம்.

அம்பு முதல் 4 சென்டிமீட்டர் நகர்ந்ததும் கவை கிளம்புகிறது என்றால், இறகு வர 10 மில்லிவிநாடி மீதம் இருக்கும். புவியீர்ப்பின் முப்பது மடங்கு முடுக்கம் போதும். ஒரு சுருள்வில் இதைச் செய்துவிடும்.

பாதித் தூரம் வரை தாங்கிவிட்டுக் கிளம்பினால் மிச்சம் 4.8 மில்லிவிநாடி. முடுக்கம் நூற்று முப்பது மடங்கைத் தாண்டும்.

முக்கால் தூரம் வரை தாங்கினால் கையில் இருப்பது 2.8 மில்லிவிநாடி. அந்த நேரத்தில் தேங்காய் விழும் தூரம் ஒரு தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. கவைக்கோ புவியீர்ப்பைப் போல முந்நூற்றுத் தொண்ணூறு மடங்கு முடுக்கம் தேவை. சின்னச் சுருள்வில்லை நம்பி இதைக் கேட்க முடியாது. வில்லே இழுக்க வேண்டும்.

இரண்டு கயிறுகள்

சந்தையில் உள்ள நழுவுதாங்கிகள் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களாகப் பிரிவது இதனால்தான். தாங்கியிலிருந்து ஒரு மெல்லிய கயிறு கிளம்பும். அது எங்கே போய்க் கட்டப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு.

முதல் வகையில் கயிறு கேபிளில் கட்டப்படும். நாணை இழுக்கும்போது கேபிள் ஒன்று கீழ்நோக்கி நகரும்; கயிற்றை இழுத்துக் கவையை எழுப்பும். இழுப்பின் கடைசிச் சில சென்டிமீட்டரில் கவை முழுதாக எழுவதுபோல அமைப்பது வழக்கம். எய்ததும் கயிறு தளர, சுருள்வில் கவையைக் கீழே தள்ளுகிறது. கடைசியில் எழுந்தது முதலில் விழும். மேலே பார்த்த முதல் நிலை இதுதான்.

இரண்டாம் வகையில் கயிறு வில்லின் வளைதகட்டில், அதாவது கைப்பிடிச் சட்டத்துக்கு மேலும் கீழும் வளைந்து கொடுக்கும் தகடுகளில் ஒன்றில், கட்டப்படும். இங்கே எல்லாம் தலைகீழ். சும்மா இருக்கும்போது கயிறு விறைத்து, கவையைக் கீழே அழுத்தி வைத்திருக்கும். நாணை இழுத்தால் தகடு வளைந்து கயிறு தளரும். சுருள்வில் கவையை மேலே தூக்கும். எய்ததும் தகடு பழைய நிலைக்குப் பாய்ந்து திரும்பும் வேகத்தில், அதன் இறுதிக் கட்டத்தில், கயிறு வெடுக்கென்று விறைத்துக் கவையைக் கீழே பறித்துவிடும். அந்தப் பெரிய முடுக்கத்தைத் தருவது வில்லின் சொந்த பலம்.

கடையில் விற்பவர்கள் வேகத்தையும் நேர்த்தியையும் பற்றிப் பேசுவார்கள். வேட்டைக்காரர் முதலில் கேட்க வேண்டியது வேறு: கயிறு அறுந்தால் என்ன ஆகும்? கேபிள் வகையில் கயிறு அறுந்தாலோ, முடிச்சு நழுவினாலோ, கவை எழவே எழாது. அம்பு தாங்கியில்லாமல் சட்டத்தின் மேல் கிடக்கும். தகட்டு வகையில் கயிறு அறுந்தால் சுருள்வில் கவையை மேலேயே நிறுத்தி வைக்கும். இறகு உரசும், அம்பு கொஞ்சம் கெடும், ஆனாலும் எய்ய முடியும். ஊரிலிருந்து பத்து மைல் தள்ளி, பனி விழும் காலையில், இந்த வேறுபாடு மற்ற எல்லா அம்சங்களையும்விடக் கனமானது. இன்னொன்றும் உண்டு. கயிற்றைக் கேபிளின் இழைகளுக்குள் கோக்க வேண்டுமானால் வில்லை அழுத்திப் பிடிக்கும் இயந்திரம் தேவை. தகட்டில் கட்டுவதற்கு அது வேண்டியதில்லை, வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

எய்யாமல் விட்ட அம்பு

பரணில் இருப்பவர் நாணை இழுத்துவிட்டார். மான் இரண்டடி எடுத்து வைத்து ஒரு மரத்தின் பின்னால் நின்றுகொண்டது. கை வலிக்கிறது. நாணை மெதுவாகத் திரும்ப விட வேண்டும். அப்போது சாதாரண நழுவுதாங்கியில் கவையும் கூடவே இறங்கிவிடும். அம்பு சட்டத்தில் தட்டி ஓசை எழுப்பலாம், சரிந்து கீழேயும் விழலாம்.

இதற்காகவே பூட்டும் வகைகள் வந்தன. விர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த க்யூஏடி நிறுவனத்தின் 'அல்ட்ராரெஸ்ட்' இதில் பெயர் பெற்றது. கட்டைவிரலால் கவையை முன்கூட்டியே எழுப்பிப் பூட்டிவிடலாம். மேலே ஒரு வளைவு அம்பை வெளியே விழாமல் காக்கும். நாணை மெதுவாக விட்டால் பூட்டு திறக்காது. எய்யும்போது வரும் வேகத்துக்கு மட்டுமே திறந்து கவை விழும். வேகத்தைப் பிரித்தறியும் இந்த ஏற்பாடு உண்மையிலேயே அழகானது. அதற்கு விலையும் உண்டு: உள்ளே பாகங்கள் கூடும். கூடுதல் பாகங்களுக்குள் மண்ணும் பனிக்கட்டியும் புக இடமும் கூடும்.

ஓசையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மான் 20 மீட்டரில் நிற்கிறது. அம்பு அங்கே போய்ச் சேரக் கால் நொடி. ஒலியோ நொடிக்கு 340 மீட்டர் வேகத்தில் 0.06 நொடியில் போய்விடுகிறது. மிச்சம் 0.19 நொடி மானுக்குக் கிடைக்கிறது. மிரண்ட மான் பாய்வதற்கு முன் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். அது தொடங்க இந்த நேரம் போதும். அதனால் கவை அடியில் மோதும் 'டக்' என்ற உலோகச் சத்தத்தை ரப்பர் அடக்குகிறதா, இழுக்கும்போது அம்பு உலோகத்தில் உரசாமல் இருக்கக் கவைக்கு மென்துணி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அதிகப்படியான கவலை அல்ல. கடையில் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் காதருகே வைத்துக் கேட்டுவிட வேண்டும்.

இடக்கையாளருக்கும் வலக்கையாளருக்கும் தனித்தனி மாதிரிகள் என்பதை நினைவில் வைப்பதோடு வாங்கும் படலம் முடிகிறது.

மாவும் காகிதமும்

எதை வாங்கினாலும் அது சரியாக விலகுகிறதா என்று சோதிக்காமல் காட்டுக்குப் போவது தவறு. பழைய முறை ஒன்று இன்றும் சிறந்தது. காலுக்குப் போடும் வெள்ளைப் பவுடரை இறகுகளிலும் கவையிலும் தெளித்து ஓர் அம்பு எய்வார்கள். எங்காவது இறகு பட்டிருந்தால் பவுடரில் கீறல் விழுந்திருக்கும். எங்கே பட்டது என்பதையும் கீறலே காட்டிவிடும்.

இன்னொன்று காகிதச் சோதனை. ஒரு சட்டத்தில் காகிதத்தை விறைப்பாக ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று அதன் வழியே எய்வது. தண்டு போன துளையும் மூன்று இறகுகளின் கீற்றும் ஒரே மையத்தில் அமைந்தால் அம்பு நேராகப் பறக்கிறது. இறகுகளின் கீற்று துளைக்கு மேலே விலகியிருந்தால் வால் தூக்கிப் பறக்கிறது. தாங்கியின் உயரமோ நாணில் அம்பு பூட்டும் இடமோ பிசகியிருக்கலாம். கவை எழும்பி வந்து வாலைத் தட்டியிருக்கவும் கூடும்.

கவை எழும்புவது என்பது பலர் யோசிக்காத ஒன்று. வேகமாக வந்து அடியில் மோதும் பொருள் துள்ளும். நேரத்தோடு விழுந்து, துள்ளி, மறுபடி மேலே வரும் கவை, இறகுகள் கடக்கும் அதே கணத்தில் அங்கே நிற்கலாம். சில தயாரிப்பாளர்கள் காந்தம் வைத்துப் பிடிக்கிறார்கள், சிலர் கொக்கி, சிலர் மெத்தென்ற ரப்பர்.

போட்டி மைதானத்திலும் நழுவுதாங்கிகள் உண்டு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்திருப்பதால், இங்கே கூட்டுவில் விளையாட்டு வீரர்களின் கையில் மட்டுமே இருக்கிறது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற ஜோதி சுரேகா வென்னம் எய்தது கூட்டுவில்லில்தான். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கூட்டுவில் கலப்பு அணிப் போட்டி முதன்முறையாக இடம்பெறவிருக்கிறது. அங்கே 50 மீட்டர் இலக்கு வேறு தாங்கிகளையும் அனுமதிக்கும். மிரளும் மானும் உறைபனியும் அங்கே இல்லை.

அந்த 13.6 மில்லிவிநாடியைக் கண்ணால் பார்க்க இன்று விலையுயர்ந்த ஆய்வகம் தேவையில்லை. நொடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசியில் மூன்று படம்தான் கிடைக்கும், அது போதாது. உண்மையாகவே 960 படம் எடுக்கும் கருவி இருந்தால் பதின்மூன்று படங்கள் கிடைக்கும். கேபிள் வகையில் நான்காம் படத்திலேயே கவை அசையத் தொடங்கிவிடும். துள்ளி எழுகிறதா என்று மீதிப் படங்களில் தேட வேண்டும். தகட்டு வகையில் முதல் பத்துப் படங்களில் கவை அம்பை ஏந்தியபடி அப்படியே நிற்கும். அடுத்த மூன்றில் காணாமல் போகும். பதினான்காம் படத்தில் இறகுகள் அந்த இடத்தைக் கடந்திருக்கும். கவை துள்ளி மேலே வந்தாலும் பதினைந்திலோ பதினாறிலோ வரும். அப்போது அங்கே இடிபட எதுவும் இருக்காது.